தம்மாமில் ஒரு தம்பி

…அதுவும் சிரித்துக்கொண்டே சொன்னாளே கமருன்னிசா, அதைத்தான் ஆரிபாவால் தாங்க முடியவில்லை, கிணற்றடியில் குந்தி அந்தத் தங்கக்கரைக் கோப்பைகளை வெறும் விரலால் கழுவிக்கொண்டிருந்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், ஆறும் அடுத்த வீட்டுக் கமருன்னிசாவுடையவை, தன் மகளைப் பெண் பார்க்க நாகூரிலிருந்து வருகிறார்கள் என்று காலையில் இரவல் கேட்டு வாங்கியவை. வாங்கும்போதே வயிறு எரிந்தது. பவுசுக்காரி. அவள் புருஷன் மதார் சாகிப் சவூதிக்குப் போனதிலிருந்து ஆரிபா அவளுக்கு வைத்த பெயர் அதுதான், வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடந்தால் பவுசு, மத்தியான வெயிலில் சென்ட் பூசினால் பவுசு, டேப் ரிக்கார்டரைத் தெருவுக்கே கேட்க வைத்தால் பவுசு, மீன்காரியிடம் பேரம் பேசாமல் வாங்கினால் எல்லாவற்றையும் விடப் பெரிய பவுசு… முகத்துக்கு நேரே சொன்னதில்லை, யார்தான் சொல்வார்கள், அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் உதட்டைச் சுழித்துச் சொல்வதற்கென்றே உள்ள சொல் அது, சொன்னால் நெஞ்சுக்குக் கொஞ்சம் குளிர்ச்சி.

மாப்பிள்ளையின் உம்மா சும்மா இருந்திருக்கலாம், கோப்பையைத் தூக்கி அடிப்பக்கம் வரை பார்த்து, "சாமான் ரொம்ப நல்லாருக்கே, எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள், துணைக்கு வந்த கமருன்னிசா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், தெரிந்தும் நாக்கு தானாகப் புரண்டது, "என் தம்பி அனுப்புனது." சொன்ன மறுவிநாடிதான் உறைத்தது. அது என் கோப்பை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள், ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய் மூன்றாவதாக வந்த இடம்… கமருன்னிசா தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்தாள். "ஆமா மாமி, சவூதி தம்மாம்லேர்ந்து. தம்பி நல்ல வேலைல இருக்கு. நிக்காவுக்கு லீவு போட்டு வந்துடும்." காப்பாற்றினாளா, காலை வாரினாளா? லீவைப் பற்றி இவளை யார் கேட்டது? போகும்போது வாசலில் காதோரம் குனிந்து, "கோப்பைய நீயே வச்சுக்க ஆரிபா, அவங்க மறுபடி வருவாங்கள்ல" என்றாளே, அந்தச் சிரிப்பை அப்படியே பிய்த்து எறியலாம் போலிருந்தது, ஆனால் வாயிலிருந்து வந்தது என்ன, சரி லாத்தா, அவ்வளவுதான்.

தம்மாமாம், லீவாம். தம்பி நூகு பட்டினத்தில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறான், எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் கறுப்பு போகாது, நிக்கா என்றால் தாய்மாமன் நான் என்று முதல் ஆளாக வந்து நிற்பான், பந்தியில் வாங்க வாங்க என்பான், நாகூர்க்காரர்கள் வேலையைக் கேட்டால் கூச்சமே இல்லாமல் கடை விலாசம் வரை சொல்வான், வாப்பா மவுத்தானபோது பள்ளிக்கூடத்தை விட்டு நின்று அவளைக் கரையேற்றியவன், அவனிடம் போய்… எல்லாம் இவளால்தான், சண்டாளி, வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன, நிக்கா தேதியை ஒரு நாள் தள்ளிச் சொல்லலாமா, அப்புறம் திடீரென்று முன்னுக்கு மாற்றிவிட்டார்கள், ஆள் விட நேரமில்லை என்றால்… வெள்ளிக்கிழமை என்றால் கடை லீவு, முந்தின நாளே வந்து நிற்பான், சனிக்கிழமை என்று சொன்னால்… கோப்பையைக் கவிழ்க்கப் போன கை அப்படியே நின்றது. இவ்வளவு நேரமும் கமருன்னிசாவைத் திட்டிக்கொண்டிருந்ததாகத்தான் நினைத்திருந்தாள். இல்லை, எந்த நாளைச் சொன்னால் நூகு நம்புவான் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.