அறுபத்து நான்காவது கிடேரி

மலையிலிருந்து மந்தையை இறக்கும் நாள். விடிந்ததிலிருந்து மூன்றாம் முறையாக எண்ணிவிட்டு என் கணவன் மாக்னுஸ் என்னைக் கூப்பிட்டான்.

"அடியே வால்புர்கா, அறுபத்து நாலு வருது."

"கண்ணு போச்சா உனக்கு? நகரு, நான் எண்றேன்."

எண்ணினேன். அறுபத்து நாலுதான். ஜூன் மாதம் ஊர்க்காரர்கள் கோடை மேய்ச்சலுக்காக எங்களிடம் ஒப்படைத்தது அறுபத்து மூன்று கிடேரிகள். எங்கள் அல்கோய்ப் பள்ளத்தாக்கில் பாலும் சீஸும்தான் பிழைப்பு. ஊரின் நாளைய பால் முழுக்க இந்தக் கிடேரிகளிடம்தான் இருக்கிறது. ஒன்றுகூடச் சாகவில்லை. அதனால்தான் முன்னே நடக்கும் மாட்டுக்குப் பூவும் கண்ணாடியும் வைத்து மகுடம் கட்டியிருந்தோம். கோடையில் ஒரு மாட்டை இழந்தாலும் மகுடம் கிடையாது, மொட்டைத் தலையோடுதான் ஊருக்குள் நுழைய வேண்டும். குறைந்தால் என்ன செய்வதென்று எல்லோருக்கும் தெரியும். கூடினால்?

எங்கள் மாடெல்லாம் ஒரே சாம்பல்பழுப்பு, முகம் பார்த்துச் சொல்ல முடியாது. கழுத்துமணியின் தோல்வார்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றில் ஓட்மாரின் பெயர் இருந்தது. மேட்டுக்கு அந்தப்பக்கம் மேய்ப்பவன். நேற்றைய மூடுபனியில் அவன் கிடேரி எங்களோடு வந்து சேர்ந்திருக்கிறது.

ஒளிப்பானேன், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. ஓட்மார் இருபது வருஷ மேய்ப்பன். தபால்காரனாக இருந்த மாக்னுஸுக்கு இது முதல் கோடை. "தபால்காரன்கிட்ட மாட்டைக் கொடுத்தா மாடு திரும்பாது, விலாசதாரரைக் காணோம்னு சீட்டுதான் திரும்பும்" என்று ஊர் நடுவில் வைத்துச் சொன்னவன் அவன்.

"வாயைத் திறக்காத. கீழ போய்க் கொடுத்துக்கலாம்" என்றேன். "இன்னிக்கு அவன் மொட்டைத் தலையோட வரட்டும்."

"அவன் இப்ப ஒவ்வொரு பள்ளமா எட்டிப் பாத்துட்டு இருப்பான்டி."

"போய்ட்டு வர ரெண்டு மணி நேரம் ஆகும். அவன் நமக்கு முன்னாடி இறங்கிடுவான்."

முதலில் வரும் மந்தையைத்தான் ஊர் கண்கொட்டாமல் பார்க்கும். இரண்டாவதை பீர் குடித்துக்கொண்டே பார்க்கும். மாக்னுஸின் முதல் கோடை அப்படி முடிவதை என்னால் தாங்க முடியாது. அவன் அந்தக் கிடேரியின் கயிற்றை நீட்டினான். பிடுங்கிக்கொண்டேன். மேடு முழுக்க ஓட்மாரைத் திட்டினேன், மாக்னுஸைத் திட்டினேன். கிடேரி சாவகாசமாகப் புல் கடித்துக்கொண்டே வந்தது.

ஓட்மார் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். முழங்கால்வரை சேறு. மாட்டின் தலையிலிருந்து அவிழ்த்த மகுடம் மடியில் கிடந்தது. ஐம்பது வயது மனிதன், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதுகொண்டிருந்தான். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இந்தா, விலாசதாரரைக் கண்டுபிடிச்சு மாட்டைக் கொண்டுவந்துட்டேன்."

அவன் எனக்கு நன்றி சொல்லவில்லை. கிடேரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "சனியனே, எங்கடி போய்த் தொலைஞ்ச? பாறையிலேர்ந்து விழுந்துட்டேன்னே நெனச்சேனே!" என்றான். மகுடத்தைத் திரும்பக் கட்ட முயன்றான், முடிச்சு விழவில்லை. நானே கட்டிவிட்டு ஓடிவந்தேன்.

நாங்கள் கிளம்பும்போது பத்து மணி தாண்டிவிட்டது. இரண்டு மலைப்பாதைகளும் ஊருக்கு முன்னால் ஒரு பாலத்தில் சேரும். தூரத்திலேயே பாலத்துப் பக்கம் மணியோசை கேட்டது.

"போச்சு, அவன் முந்திட்டான்" என்றேன்.

"போனா போகட்டும்" என்றான் மாக்னுஸ். அவன் குரல் சுரத்தில்லாமல் இருந்தது.

பாலத்தை அடைந்தபோது ஓட்மாரின் மந்தை தன் பக்கத்துப் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. அவற்றுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து, முதுகால் தள்ளியபடி நின்றான் ஓட்மார். தொப்பியை மாடு மிதித்திருந்தது.

"எவ்வளவு நேரமா இப்படி நிக்கிற?" என்றேன்.

"முக்கால் மணி நேரமா! நின்னு பேசாத, தபால்காரனை முன்னாடி போகச் சொல்லு! இதுங்க வீட்டு வாசனை புடிச்சிருச்சுங்க, என் கால்விரல் ஒண்ணும் மிச்சமில்ல!"

மாக்னுஸ் எங்கள் மகுட மாட்டின் கயிற்றைப் பிடித்துப் பாலத்தில் ஏறினான். கிடேரிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஓட்மாரின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கடைசி மாடு தாண்டியதும், ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான்:

"அறுபத்து மூணு! ஒண்ணுகூடக் குறையல!"