படகில் வருகிறவன்

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அம்மாவின் உதட்டில் வைத்தாள் தின்ஸா. அம்மா அதைக் கடித்துக்கொண்டாள். விடவில்லை.

“விடும்மா. பஞ்சும்மா அது.”

“நைங் வந்துட்டானா?”

“வந்துட்டிருக்கான். படகு ஏறிட்டானாம்.”

பாயின் மறுபக்கம் விசிறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஒன் சி அத்தை, அதுதான் சரி என்பதுபோலத் தலையாட்டினாள்.

தின்ஸாவின் தம்பி நைங், வடக்கே பச்சைக்கல் தோண்டும் மலையில் மண் சரிந்து செத்து நான்கு மாதமாகிறது. உடம்பு கிடைக்கவில்லை. அம்மாவின் ஈரலில் கட்டி என்று டாக்டர் சொன்ன அதே வாரத்தில்தான் அந்தச் செய்தி தொலைபேசியில் வந்தது. தின்ஸாவும் அத்தையும் கிணற்றடியில் நின்று பேசி முடிவெடுத்தார்கள். போகிறவளிடம் சொல்ல வேண்டாம். கடைசி மூச்சில் மனம் எப்படி இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த பிறவி. அது கலங்கிவிடக் கூடாது.

அம்மாவின் மனம் கலங்கும் என்று அந்த ஆற்றங்கரையில் யாரும் நினைத்ததில்லை. முப்பது வருடம் படகுத்துறையில் சுரைக்காய் பொரித்து விற்றாள். தியான மடத்தில் கற்றுக்கொடுத்தபடி, செய்கிற ஒவ்வொன்றையும் மனதுக்குள் குறித்துக்கொண்டே செய்வாள். கை நீளுது. எண்ணெய் சுடுது. காக்கா கத்துறது கேக்குது. சின்ன வயதில் நைங் கேலி செய்வான்: “கோபம் வருது, கோபம் வருதுன்னு அம்மா ஒழுங்காத்தான் குறிச்சுக்கறா, அக்கா. அடிதான் நிக்க மாட்டேங்குது!” அம்மா சிரித்துவிட்டு இன்னொன்று வைப்பாள்.

அந்த அம்மாதான் மூன்று நாளாகத் தெருமுனை வரை கேட்கும்படி அலறுகிறாள். நேற்று பிக்கு வந்து ஓதினார். வயிற்றைக் கவனியுங்கள், மூச்சு ஏறுவதையும் இறங்குவதையும் பாருங்கள் என்றார். அவர் படி இறங்குவதற்குள் அம்மா சொன்னாள், “அவர் வயித்துல இந்த வலி வரட்டும், அப்பத் தெரியும் ஏறுறதும் இறங்குறதும்.” தின்ஸாவுக்குச் சிரிப்பு வந்தது. அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

இப்போது அத்தை விசிறியின் காம்பால் தின்ஸாவின் முழங்காலைத் தட்டினாள்.

“சும்மா உக்காந்திருக்கியே. எடுத்துக் கொடுடி. மறந்திருப்பா.”

தின்ஸா அம்மாவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். உப்பிய வயிறு கொதித்தது.

“ஏறுதும்மா… இறங்குது… ஏறுது…”

“நிறுத்துடி.”

“அம்மா, பிக்கு சொன்னாருல்ல…”

“நைங் வந்துட்டானா?”

“படகுல…”

“எந்தப் படகு?”

தின்ஸா அத்தையைப் பார்த்தாள். அத்தையின் விசிறி வேகமாக ஆடியது.

“மாண்டலேல இருந்து வர்ற படகு. சாயங்காலம் வந்துடும், மியா. நீ கண்ணை மூடிக்கோ,” என்றாள் அத்தை.

“உன்னைக் கேக்கலை, ஒன் சி. இவளைக் கேட்டேன்.”

அம்மாவின் குரல் கொஞ்ச நேரம் பழைய குரலாக, கடைக்காரியின் குரலாக இருந்தது.

“அன்னிக்குப் போன் வந்தப்போ நான் சுரைக்காய் நறுக்கிட்டிருந்தேன். நீ கிணத்தடிக்கு எடுத்துட்டு ஓடினே. கேக்குது, கேக்குதுன்னு குறிச்சுக்கிட்டே நறுக்கினேன். எல்லாந்தான் கேட்டுச்சு.”

விசிறி நின்றது.

“தெரிஞ்சா… ஏம்மா கேக்கலை?”

“தினம் கேட்டேனே. வந்துட்டானா, வந்துட்டானான்னு. நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நீ தினம் அவனைப் படகுல ஏத்தி விட்டே.”

“உன் மனசு கலங்கிடும்னுதாம்மா.”

“என் மனசு கிடக்கட்டும். அவனுக்குச் சோறு போட்டியா?”

தின்ஸாவுக்குப் புரிந்தது. செத்தவன் உயிர் ஏழு நாள் வீட்டைச் சுற்றும். அதை வீட்டுக்குள் கூப்பிட்டு, கதவைத் திறந்து வைக்க வேண்டும். ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சோறு போட்டு, அந்தப் புண்ணியத்தை அவன் பேரைச் சொல்லிப் பகிர்ந்து, போய் வா என்று அனுப்ப வேண்டும். வீட்டில் சாவே இல்லை என்று மறைத்த பிறகு எதைச் செய்வது?

“சொல்லு. போட்டியா?”

“இல்லைம்மா.”

“கூப்பிடக்கூட இல்லை?”

“இல்லை.”

“நாலு மாசமா ராத்திரியில கதவைத் தாழ் போட்டுட்டுத் தூங்குறோமேடி. வெளிய நிக்கிறானே புள்ளை.”

“மியா, மூச்சைப் பாரு, மூச்சைப் பாரு,” என்றாள் அத்தை.

அம்மா பார்க்கவில்லை. தின்ஸாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ. “வாயைத் திறந்து சொல்லுடி. என்னாச்சு அவனுக்கு?”

“செத்துட்டான்மா.”

தெரிந்த செய்திதான். ஆனாலும் அம்மா கத்தினாள். வலிக்குக் கத்திய கத்தல் இல்லை இது. மகன் பேரைச் சொல்லி, தெருவில் விளையாடுகிறவனைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல, ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவதில் பேர் பாதியில் நின்றது. தின்ஸாவின் இன்னொரு கை அம்மாவின் வயிற்றின் மேலேயே இருந்தது. வயிறு இறங்கியது. அவள் காத்திருந்தாள். ஏறவில்லை.

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“கெடுத்துட்டியேடி,” என்றாள் அத்தை மெதுவாக. “முப்பது வருஷம் சேத்ததை ஒரு வார்த்தையில.” பிறகு வழக்கப்படி கத்தரிக்கோலை எடுத்து, தின்ஸாவின் கூந்தலில் ஒரு கற்றை வெட்டி, அம்மாவின் இரண்டு கால் பெருவிரல்களையும் அதனால் சேர்த்துக் கட்டினாள். முடி வழுக்கியது. மூன்றாவது முடிச்சில்தான் நின்றது. “அழாதே. அழுதா இன்னும் இங்கேயே சிக்கிக்குவா,” என்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

மூன்றாம் நாள் ஊருக்கு வெளியே எரித்தார்கள். அந்த இரண்டு நாளும் அத்தை தின்ஸாவோடு பேசவில்லை. வந்தவர்களிடம் மட்டும், “அமைதியாப் போனா, தூங்குற மாதிரி,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் நம்பியதுபோல் தலையாட்டினார்கள். அந்தக் கத்தல் எல்லார் வீட்டிலும் கேட்டிருந்தது.

திரும்பும்போது தின்ஸா வேப்பமரத்தடியில் நின்றாள். இறந்தவரை வீட்டுக்குக் கூட்டிவர, சுடுகாட்டு மரத்தில் ஒரு கிளை ஒடித்துக்கொண்டு வர வேண்டும். ஒடித்தாள். “அம்மா, வீட்டுக்குப் போகலாம், வா.”

மற்றவர்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அவள் கையை உயர்த்தி இன்னொரு கிளையைப் பிடித்தாள். அது பச்சை. முறுக்கி முறுக்கிப் பார்த்தும் பட்டை விடவில்லை. பல்லால் கடித்துத்தான் பிய்க்க வேண்டியிருந்தது. வாயெல்லாம் கசந்தது.

“நைங், நீயும் வாடா.”

ஆற்றோரப் பாதையில் நடந்தாள். வலது கால் போகுது. இடது கால் போகுது. கசக்குது.

அத்தை முன்னாலேயே வந்து வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். கதவின் ஒரு பலகை மட்டும் திறந்திருந்தது. தின்ஸாவின் கையில் இரண்டு கிளைகளைப் பார்த்தாள்.

குடத்தைக் கீழே வைத்துவிட்டு, மற்றப் பலகையில் எப்போதும் போட்டே கிடந்து துருப்பிடித்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டி இழுத்து, அதையும் திறந்து வைத்தாள்.