வாங்குகிறவருக்கு ஒரு குறை

திருகோணமலையில் பழைய காரை விற்க நினைப்பவர் எஞ்சின் பார்ப்பவரிடம் போவதில்லை. உட்துறைமுக வீதியில் நிப்றாஸ் போட்டிருக்கும் தகரக் கொட்டிலுக்குத்தான் போவார். எஞ்சின் மூடிக்குக் கீழே கிடக்கிறது, அதை யார் பார்க்கப் போகிறார்கள்? வாங்க வருகிறவரின் மூக்குக்கு நேரே இருப்பது மீற்றர் பலகை. அதில் சிவப்பு விளக்கு எரியக்கூடாது, ஊசிகள் செத்துக் கிடக்கக்கூடாது. இந்த இரண்டையும் கவனிப்பதுதான் நிப்றாஸின் தொழில்.

கிண்ணியா அஷ்ரப் தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்தபோது எஞ்சின் எண்ணெய்க்கான ஓயில் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. பெற்றோல் ஊசியும் சூட்டு ஊசியும் அடியில் படுத்திருந்தன. வாடகைக்கு ஹயர் ஓடிய காலமெல்லாம் பெற்றோலைக் காரைக் குலுக்கிப் பார்த்தும், சூட்டை மூடியில் கை வைத்துப் பார்த்தும் சமாளித்த மனிதர் அவர். ஓடுகிறவருக்கு அது போதும். விற்கிறவருக்குப் போதாது.

விற்பதற்குக் காரணம் மகள் றுமானா. அவர்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் நிக்காஹ் நடக்காது. கட்டத் தொடங்கிய வீடோ சுவரோடு நின்று போன மாரி மழையெல்லாம் குடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மரியாதையான ஆட்கள். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முதல் கூரை ஏறாவிட்டால் வேறிடம் பார்ப்போம் என்பதைக் கோபப்படாமல், தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள். கார் விலைப்பட்டால் கூரை. படாவிட்டால் அவர்கள் வைத்துவிட்டுப் போன வெறும் கோப்பைகள்தான்.

நிப்றாஸ் காலையிலேயே வேலையைத் தொடங்கினான். ஓயில் விளக்கின் கோளாறு எஞ்சினில் இல்லை, சுவிச்சில். அதை மாற்றியதும் விளக்கு அணைந்தது. மீற்றர் பலகையைக் கழற்றிப் பார்த்தால், பின்னால் தகரத்தோடு இறுக்கியிருந்த எர்த் வயர் உப்புக்காற்றில் பச்சை பூத்துப்போயிருந்தது. சுரண்டித் துடைத்து, புது ஆணி போட்டு இறுக்கியதும் ஊசிகள் இரண்டும் எழும்பின. எஞ்சின் சற்று நேரம் ஓடியது. சூட்டு ஊசி நடுவைத் தாண்டிப் போய் நின்றுகொண்டது.

"காக்கா, சூடு கொஞ்சம் கூட இரிக்கு," என்றான் நிப்றாஸ், அண்ணன் முறை வைத்து. "றேடியேற்றர் அடைச்சிருக்கும். கழட்டிக் கழுவோணும். அதுவரைக்கும் ஊசியப் பாத்துப் பாத்து ஓடுங்க."

"இண்டைக்கு ஏலாதா? பின்னேரம் ஆள் வருது."

"பழசு காக்கா. கழட்டினா கையோட வரும். வேறொண்டு கொழும்பிலருந்துதான் வரோணும்."

அந்த நேரம் பார்த்துத் தரகர் ஆதம்பாவா வந்து சேர்ந்தார். இந்த ஊரில் அவர் விற்காதது துறைமுகத்தில் நிற்கும் கப்பல் ஒன்றுதான். அதற்கும் இன்னும் ஆள் கேட்டு வரவில்லை, அவ்வளவுதான். காருக்குள் தலையை விட்டுப் பார்த்தவரின் முகம் சப்பென்று போனது.

"என்னடா செஞ்சு வச்சிருக்காய்? எல்லாம் வேல செய்யுதே!"

"அதுக்குத்தானே காக்கா கொண்டந்தது," என்றான் நிப்றாஸ்.

"விசரா உனக்கு? வாறவர் கிளிவெட்டி வேலன். நெல் மூட்டைய வெளியால பாத்து வாங்கின ஆளில்ல, உள்ளுக்குக் கை விட்டு அடிநெல்ல அள்ளிப் பாக்கிறவர். இந்தக் கிழட்டுக் காரில ஒரு குறையும் இல்லையெண்டா, எங்கயோ ஒளிச்சிட்டானுகள் எண்டு அடிவரைக்கும் தோண்டுவார். ஒரு குறைய நாமளே முன்னுக்கு வைக்கோணும். அதப் புடிச்ச சந்தோசத்தில வெலயக் கொறைப்பார். நாமளும் அழுதழுது கொறைப்பம். எல்லாரும் நல்லா ஊட்டுக்குப் போகலாம்."

இது ஆதம்பாவாவின் கண்டுபிடிப்பல்ல. கடைத்தெருவில் புடவைக்காரர்கூட ஓரத்தில் நூல் இழுபட்ட சாரத்தைத்தான் முதலில் விரிப்பார். வாங்குகிறவர் கண்ணில் அது பட்டுவிட்டால் மற்ற ஓரங்களை அவர் பார்ப்பதில்லை.

எந்தக் குறையை வைப்பது என்பதில்தான் பேச்சு இழுபட்டது. ஓயில் விளக்கை எரிய விட்டால் வேலன் பயந்து பஸ் ஏறிவிடுவார். பெற்றோல் ஊசி?

"பெற்றோலுக்கு லைன்ல நிண்ட காலம் மறந்து போச்சா?" என்றார் ஆதம்பாவா. "இந்த நாட்டில எவனும் முதல்ல பாக்கிறது அந்த ஊசியத்தான். அதுல கை வைக்காத." பிறகு அவர் கண் சூட்டு ஊசியில் விழுந்தது. "இது என்ன நடுவுக்கு மேல நிண்டு ஊரக் கூட்டுது? இதட வயரப் புடுங்கு. குறையும் ஆச்சு, அதட வாயும் அடைஞ்சு போகும்."

"இதுல உண்மை சொல்றது அது ஒண்டுதான் காக்கா."

"உண்மை சொல்றவன யாவாரத்துக்கு ஆரும் கூட்டிட்டுப் போறதா?"

நிப்றாஸ் அஷ்ரபைப் பார்த்தான். அவர் மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். சுட்டிருக்க வேண்டும், எடுத்துக்கொண்டார்.

"புடுங்கு தம்பி," என்றார். "கூரை போடோணும்."

வேலன் பின்னேரம் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, ஓட்டுநர் சீற்றில் ஏறிக் குந்தி, சாவியைத் திருப்பினார். விளக்குகள் எரிந்து அணைந்தன. பெற்றோல் ஊசியைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு பக்கத்து ஊசியைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை மூடி மறைக்க அவரால் முடியவில்லை.

"நானா, இந்தச் சூட்டு ஊசி செத்துக் கிடக்கே!" என்று தரகரைக் கூப்பிட்டார்.

"கண்ணுக்குள்ள எண்ணெய் விட்டுட்டா வந்தீங்க அண்ணன்?" என்று ஆதம்பாவா தலையில் கை வைத்தார். "ஒரு சின்ன வயர்."

"சின்ன வயர் எண்டா நீங்களே போட்டிருக்கலாமே? குறையுங்கோ."

குறைத்தார்கள். ஆதம்பாவா கல்யாணத்துக்கு நிற்கும் குமர்ப்பிள்ளையின் வீட்டுக் கூரையைச் சொல்லி அழுதார். வேலன் காய்ந்துபோன தன் வயலைச் சொல்லி அழுதார். இரண்டு அழுகையும் ஓரிடத்தில் சந்தித்தபோது விலை முடிந்தது, ஆதம்பாவா ஏற்கெனவே நினைத்து வைத்திருந்த இடத்தில்.

"கிண்ணியா வரைக்கும் நான் ஓட்டிப் பாக்கிறன்," என்றார் வேலன். "பாலம் தாண்டி முதல் தேத்தண்ணிக் கடையில அட்வான்ஸ் தாறன். சரியோ?"

அஷ்ரப் பக்கத்து சீற்றில் ஏறினார்.

வழியெல்லாம் வேலன் நல்ல குஷி. ஊசியைத் தான் கண்டுபிடித்த கதையை, கூடவே நின்று பார்த்த ஆளுக்கே திரும்பவும் சொன்னார். கார் பாலத்தில் ஏறிய போது அஷ்ரபுக்கு அந்த மணம் வந்தது. துரு வெந்த மணம். எத்தனையோ ஹயரில் இந்த மணத்துக்கு அவர் காரை ஓரங்கட்டி, மூடியைத் திறந்து, ஆற விட்டிருக்கிறார். நிப்பாட்டுங்கோ என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லோடு வேலன் மூடியைத் திறப்பார், விலையும் போகும், ஆளும் போவார். பாலத்தின் மறுகரை தெரிந்தது. தேத்தண்ணீர்க் கடையின் மஞ்சள் பலகைகூடத் தெரிந்தது.

அஷ்ரப் மணம் வெளியே போகட்டும் என்று கண்ணாடியை இறக்கினார்.

"என்ன தம்பி, புழுக்கமோ?"

"ஓம் அண்ணன். காத்து நல்லம்தானே."

பாலத்தின் நடுவில் முன்பக்கம் வெள்ளையாகப் புகைந்தது. எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் வந்து, ஒரே இறுக்காக இறுகி நின்றது. அதன் பிறகு கடலின் சத்தம் மட்டும்தான்.

வேலன் இறங்கி மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். கத்துவார் என்றுதான் அஷ்ரப் நினைத்தார். அவர் கத்தவில்லை.

"ஊசி வேலை செஞ்சிருந்தா நான் நேரத்துக்கே நிப்பாட்டியிருப்பன் தம்பி. ஒரு சின்ன வயர்தானே, ஏன் அதைத் திருத்தாமல் விட்டனீங்கள்?"

காலையில் திருத்தினோம் என்று அஷ்ரப் எப்படிச் சொல்வார்? மூதூர் பஸ் வந்தது. வேலன் கையைக் காட்டி நிறுத்தி, ஏறிப் போனார்.

அஷ்ரப் போன் பண்ணி, ஆதம்பாவாவும் நிப்றாஸும் ஆட்டோவில் வந்து இறங்கியபோது புகை அடங்கியிருந்தது. ஆதம்பாவா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எஞ்சின் போனா என்ன? கதவு இரிக்கு, கண்ணாடி இரிக்கு. பாகம் பாகமா விப்பம்."

"கூரைக்குக் காசு காணுமா காக்கா?" என்று கேட்டார் அஷ்ரப்.

எந்தச் சாமானுக்கும் யோசிக்காமல் விலை சொல்லுகிற ஆதம்பாவா கட்டி இழுப்பதற்கு ஆட்டோக்காரரிடம் கயிறு கேட்கப் போனார்.

நிப்றாஸ் மூடியைத் திறந்து குனிந்து, காலையில் பிடுங்கிய வயரைத் தேடி எடுத்து அதன் இடத்தில் மாட்டினான். யாரும் சொல்லவில்லை, கை தானாகச் செய்தது. பிறகு உள்ளே எட்டிச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் அசையவில்லை. விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. சூட்டு ஊசி அடியிலிருந்து எழும்பி, நடுவைத் தாண்டி, சிவப்புக்குப் போய் அங்கேயே நின்றது.

"வேல செய்யுது காக்கா," என்றான்.

அஷ்ரப் திறந்து கிடந்த கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார்.

"ஓம்," என்றார்.