கட்டபெட்டு கற்பூரம்

பச்சைத் தேயிலை கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்த வருடம், கட்டபெட்டில் மூடிக்கிடந்த தன் டீ பேக்டரியைக் கீர்த்திவாசன் கற்பூர ஆலையாக்கினார். வாசலில் 'ஆராய்ச்சி மையம்' என்று ஆளுயரப் பலகை. ஆராய்ச்சிக்கு இருந்ததோ ஒரே ஆள்: குன்னூர் ஞானசுந்தரி, எம்.எஸ்ஸி. வேதியியல்.

கோயமுத்தூர் வியாபாரி கருணாகரன் அன்று பதினொரு மணிக்கு வருகிறார். சரக்கைச் சோதித்து ஆர்டர் கொடுத்தால், பேக்டரி மூடியதில் வேலையிழந்த முப்பது பெண்களுக்கும் திங்கட்கிழமை முதல் வேலை.

காரியம் எளியதுதான். ஐசோபோர்னியால் என்ற ஆல்கஹாலை ஆவியாக்கி, செம்பு, துத்தநாக ஆக்சைடு குருணை நிரப்பிய சூடான குழாய் வழியே அனுப்ப வேண்டும். குருணையின் மேற்பரப்பு ஆல்கஹாலிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைக் கழற்றிவிடும். மிஞ்சுவது கீட்டோன்; அதாவது கற்பூரம். குருணை வெறும் வினையூக்கி; தானும் தீராது, பேரும் கேட்காது. கீர்த்திவாசனுக்கு நேர் எதிர்.

காலை ஆறு மணிக்கு ஞானசுந்தரி ஆவியை விட்டாள். மறுமுனையில் ஒரு பொட்டுகூட வரவில்லை. அழுத்தமானி மட்டும் ஏறிக்கொண்டே போனது. அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, குழாயைத் திறந்தாள். மிளகு மிளகாக இருந்த குருணைகளுக்குப் பதில் கறுப்பு மாவு.

"நேத்து இதை நெரப்புனது யாரு?"

"நாந்தானுங்க மேடம்," என்றாள் உதவிக்கு நின்ற பாப்பம்மாள். "மொதலாளிதான் தேயிலை மில்லுல போட்டு அரைக்கச் சொன்னாருங்க."

கீர்த்திவாசன் சால்வையைச் சரிசெய்துகொண்டார். "ஏம்மா, இருபது வருசமா தேயிலை ஏலம் பாக்கறேன். பொடியா அரைச்ச டஸ்ட் டீயிலதான் சாறு நல்லா எறங்கும். இதுக்கும் அதே கணக்குத்தான்."

"இது டீத்தூள் இல்லைங்க சார்! மாவுக்குள்ள ஆவி எப்படிப் பூந்து போகும்?"

"சயின்ஸ நீ பாரு. அனுபவத்தை நான் பாத்துக்கறேன்."

அனுபவம் ஜீப்பேறி கோத்தகிரி பஜாருக்குப் போய், நாலு கிலோ கற்பூர வில்லையோடு திரும்பியது. அதே மில்லில் அரைபட்டு, வெள்ளித் தட்டில் குவிந்தது.

கருணாகரன் வந்தார். "மூலக்கூறையே மிரட்டிப் பணிய வெச்சிருக்கேன்" என்று கீர்த்திவாசன் இருபது நிமிடம் பேசினார். வந்தவர் கொட்டாவியை மென்றபடி ஒரு சிட்டிகையை ஸ்பிரிட்டில் கரைத்து, சோதனைத் திரவம் சொட்டினார். ஆரஞ்சு நிறத்தில் படிந்தது.

"கீட்டோன்தானுங்க."

கீர்த்திவாசனின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. கருணாகரன் மீதியை விரலில் தேய்த்தார். "இதென்னுங்க, கறுப்புக் கறுப்பா?"

"அது... மலைக் கற்பூரத்தோட இயற்கைச் சத்துங்க."

ஜன்னலுக்கு வெளியே, துவைத்த சேலையில் முப்பது பெண்களும் நின்றார்கள். பேசாமல் இருந்தால் ஆர்டர் இப்போதே கிடைக்கும். ஆனால் முதல் லோடிலேயே குட்டு உடைந்து எல்லாம் போகும். ஞானசுந்தரி தட்டைச் சுட்டிக்காட்டினாள்.

"சத்துமில்லை, சாறுமில்லைங்க. மில்லுல ஒட்டிக்கெடந்த, அரைச்சு நாசமாக்குன வினையூக்கி அது. தட்டுல இருக்கறது கடைக் கற்பூரம். சொந்தச் சரக்கு ஒரு கிராம்கூட இல்லை."

கீர்த்திவாசன் வெள்ளித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கருணாகரன் கையைத் துடைத்தார். "வேற வினையூக்கி இருக்குதுங்களா?"

"நாலு நாள்ல ஒரு டிரம் வந்துருமுங்க."

"அஞ்சாம் நாள் வர்றேன். சரக்கைக் காட்டுங்க, ஆர்டர் தர்றேன். பேச்சு மட்டும் வேண்டாமுங்க."

கருணாகரனின் கார் மலை இறங்கியதும் ஞானசுந்தரி மில் அறையை இழுத்துப் பூட்டி, சாவியைப் பாப்பம்மாளிடம் கொடுத்தாள்.

"என்ற மில்லுக்கு எதுக்குப் பூட்டு?" கீர்த்திவாசன் சீறினார்.

"மில்லுக்கு இல்லைங்க சார். உங்க அனுபவத்துக்கு."