ஒட்டுத்தாள் பிரிக்காத அடுப்பு

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் தாளிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் சமையலறையில் கறுப்புக் கண்ணாடி வைத்த ஒரு புது அடுப்பு இருக்கிறது. கடையில் ஒட்டிக் கொடுத்த தாள் இன்னும் அதன் மேலேயே இருக்கிறது. தாளில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே எதையோ கிண்டுகிறாள். அந்த அடுப்பில் இதுவரை சமைத்தவள் அவள் ஒருத்திதான்.

என் அம்மா, பெயர் பஞ்சாலை, வீட்டுக்குப் பின்னால், கால்வாய் ஓரத்தில், தகரத்துக்குக் கீழே நின்று சமைக்கிறார். அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்குள் நின்று சமைக்க வேண்டும். கதை முழுக்க அவ்வளவுதான். இதற்கு மேல் பெரிய விஷயம் வரும் என்று காத்திருப்பவர்கள் இப்போதே நோட்டை மூடிவிடலாம்.

2

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

"அது ஒரு மழைக்கால மாலை. செம்பனை மரங்களுக்கு மேலே கருமேகங்கள்" (நிறுத்திவிட்டேன். செம்பனைக்கு மேலே ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் சமையலறையில்.)

"சமையலறை என்பது ஒரு குடும்பத்தின் இதயம் என்பார்கள்" (யார் என்பார்கள்? அப்படிச் சொன்ன ஒருவரையும் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.)

"என் அப்பா நல்லசாமி ஒரு கொடுமைக்காரர்" (இது நன்றாக இருந்தது. ஆனால் எழுதி முடிக்கும்போது அப்பா உள்ளே வந்து, லாரி கழுவும் துணியைப் பிழிந்து, அந்த அடுப்பின் ஒட்டுத்தாளைத் துடைத்தார். குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி. கொடுமைக்காரர் அப்படித் துடைப்பாரா என்று சந்தேகம் வந்துவிட்டது.)

ஆகவே தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

3

அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அவருடைய தங்கை மயிலம்மாள், என் அத்தை, பக்கத்து டவுனான செண்டாயானில் புது வீடு வாங்கினார். புதுமனை புகுவிழாவுக்குப் போனோம். அங்கே இரண்டு சமையலறைகள். முன்னால் இருப்பது டிரை கிச்சன். வெள்ளை மேசை, பூஜாடி, எதுவும் கொதிக்காத அடுப்பு. பின்னால் இருப்பது வெட் கிச்சன். மீன் கழுவுவது, கறி தாளிப்பது எல்லாம் அங்கே. அப்பா முன்னால் இருந்ததை மட்டும் பார்த்தார். திரும்பி வரும்போது, லாரி தோட்டத்து வளைவில் திரும்பும்போதுதான் சொன்னார்.

"நம்ம வூட்லயும் ஒண்ணு போட்டுடணும்."

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு சமையலறை. வீடும் எங்களுடையது இல்லை, தோட்டத்துடையது.* ஆனால் அப்பா முடிவெடுத்தால் லாரி மாதிரி. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி இருந்தாலும் பார்க்க மாட்டார்.

(* சுவரில் ஆணி அடிக்கக்கூட ஆபீஸ் கிராணியிடம், அதாவது குமாஸ்தாவிடம், கேட்க வேண்டும். கேட்டால் பார்க்கலாம் என்பார். எங்கள் தோட்டத்தில் எல்லா வீடும் இந்தப் 'பார்க்கலாம்' மேல்தான் நிற்கிறது.)

செண்டாயானில் புது வீடு வாங்குகிறவர்கள் வீடு கட்டிய கம்பெனி போட்டுக் கொடுத்த சமையலறையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தாங்கள் விரும்பியதைப் போட்டுக்கொள்வார்களாம். அப்படிப் பிடுங்கிப்போட்ட கேபினட் ஒன்று, குலை இறக்கிவிட்டு வந்த லாரியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அண்ணன் வசந்தனும் அப்பாவும் யூடியூப் பார்த்துப் பார்த்துப் பொருத்தினார்கள். கேபினட் சுவரைவிடக் கொஞ்சம் நீளம். ஒன்று கேபினட்டை அறுக்க வேண்டும், அல்லது ஜன்னலை மூட வேண்டும்.

ஜன்னலை மூடினார்கள்.

அம்மா அந்த ஜன்னல் வழியாகத்தான் தாளிக்கிற புகையை வெளியே அனுப்புவார். யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்ற செய்தியை உள்ளே எடுப்பார். இரண்டும் நின்றுபோயின. அதோடு, ஜன்னல் இல்லாத அறையில் தாளித்தால் வெள்ளைக் கேபினட் மஞ்சளாகிவிடும் என்று அப்பா கண்டுபிடித்தார். ஆகவே அம்மா வெளியே போனார். கேபினட் உள்ளே இருந்தது.

வெளியே அண்ணன் தகரம் போட்டுக் கொடுத்தான். சரிவை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டான். மழை பெய்தால் தண்ணீர் கால்வாய்க்குப் போகாமல் அம்மாவைத் தேடி வரும்.

4

இந்த இடத்தில் கதையில் கொஞ்சம் கூட்டம் வருகிறது. யாருக்கும் பெயர் வைக்கவில்லை. பயப்பட வேண்டாம்.

தோட்டமே எங்கள் சமையலறையைப் பார்க்க வந்தது. கோயில் கமிட்டிக்காரர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரியே வந்தார்கள். கேபினட்டில் ஓர் இழுப்பறை இருக்கிறது. தள்ளிவிட்டால் பாதி தூரம் வேகமாகப் போய், பிறகு யோசித்து, மெதுவாக, சத்தமில்லாமல் தானே மூடிக்கொள்ளும். அதை ஒவ்வொருவரும் தள்ளிப் பார்த்தார்கள். மூடும்வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூடியதும் அப்பா எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

இழுப்பறையில் கரண்டி வைக்கலாமா என்று அம்மா கேட்டார். பாரம் ஏறினால் அந்த மெதுவு போய்விடும் என்றார் அப்பா. ஆகவே அது காலியாக இருக்கிறது. கை கழுவும் தொட்டிக்குக் குழாய் இல்லை. குழாய் இழுத்தால் டைல்ஸ் உடையுமாம். கேஸ் தோங், அதாவது சிலிண்டர், மட்டும் உண்டு. முழுத் தோங், ஹோஸ் மாட்டி, அடுப்புக்குக் கீழே. யாராவது வந்தால் அப்பா பட்டனைத் திருகி டிக் டிக் என்று பொறி வர வைப்பார். வால்வைத் திறக்க மாட்டார்.

பெலாச்சானுக்குத் தடை வந்ததும் அப்போதுதான். அந்த இறால் கட்டியைச் சுட்டால் நாலு வீடு தள்ளி இருப்பவருக்கும் பசிக்கும். சுட்ட அறையில் வாடை வருடக்கணக்கில் குடியிருக்கும். வெளியே சுட்டாலும் உள்ளே வரும், கேபினட் பிடித்துக்கொள்ளும் என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் வீட்டிலேயே சம்பால் பெலாச்சான் இல்லாமல் சோறு இறங்காதவர் அவர்தான். சி ரூசா ஊருக்குப் போகிற வழியில் ஒரு மலாய்க் கடை ஓரத்தில் லாரி அடிக்கடி நிற்பதாக அண்ணன் சொன்னான். அம்மா அன்று பச்சைமிளகாயைக் கொஞ்சம் அதிக நேரம் இடித்தார்.

5

(இந்தப் பகுதியை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே எழுதுகிறேன்.)

குழாய் இல்லாத தொட்டிக்குக் கீழே ஓர் அலமாரி இருக்கிறது. தண்ணீர் வராததால் ஈரம் இல்லை. சமைக்காததால் கரப்பான் இல்லை. எதுவும் வைக்கக்கூடாது என்பதால் யாரும் திறப்பதில்லை. என் நோட்டுகள் அங்கே இருக்கின்றன. இதுவும் அங்கேதான் இருக்கிறது. முன்பு அரிசி மூட்டைக்கு அடியில் வைப்பேன். வண்டு தின்றதுபோக மிஞ்சியதுதான் எனக்கு.

ஆகவே நீங்கள் என்னை முழுசாக நம்ப வேண்டாம். இந்த வீட்டில் டிரை கிச்சனால் பயன் அடைந்த ஒரே ஆள் நான்தான்.

6

தீபாவளி. அத்தை குடும்பத்தோடு வருகிறார். அப்பா அன்று அதிகாலையிலேயே இழுப்பறையைத் தள்ளிப் பார்த்துக்கொண்டார்.

அத்தையை நான் வில்லியாக வைத்திருந்தேன். எல்லாம் அவரிடமிருந்துதானே ஆரம்பித்தது. அவர் உதட்டைச் சுழித்து, "இதென்ன அண்ணே, செகண்ட் ஹேண்டா?" என்று கேட்பதாக ஒரு வரியும் எழுதி வைத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவே இல்லை. எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய தொந்தரவு கிடையாது.

பின்னால் ஆட்டுக்கறி பாதி வெந்திருந்தபோது மழை பிடித்தது. தகரத்துத் தண்ணீர் அம்மாவைத் தேடி வந்தது. நெருப்பு அணைந்தது. மூட்டினால் மறுபடி அணைந்தது. அப்பா வெள்ளை மேசை முன்னால் விருந்தாளிகளை உட்கார வைத்துவிட்டு என்னிடம் வந்து, தணிந்த குரலில் ஒரு குடையைக் கொடுத்தார்.

"பாப்பா, சட்டிக்குப் பிடிம்மா."

நான் சட்டிக்குப் பிடித்தேன். அம்மா நனைந்தார். (இந்த வரியை அழகாக்க எவ்வளவோ முயன்றேன். அது இப்படியேதான் நிற்கிறது.)

அப்போது அத்தை பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் வந்தார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணி, நீங்களாச்சும் மழையப் பாக்குறீங்க. எங்க வூட்ல பின்னால சுவத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல நிக்கிறேன். வேர்வ ஊத்துது. முன்னால இருக்கிற அடுப்புல பூஜாடிதான் நிக்குது. மருமக வெங்காயம்கூட வெட்ட வுடாது."

"அப்பறம் ஏன்லா மயிலு, உங்க அண்ணங்கிட்ட அப்படி நின்னு நின்னு காட்டுன?"

"காட்டறதுக்குத்தான அண்ணி கட்டுனோம்."

அம்மா சிரித்தார். அந்த மழையில், அணைந்த அடுப்பு முன்னால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே இருந்து இழுப்பறை மூடுகிற சத்தமின்மை கேட்டது. (இப்படி ஒரு வாக்கியம் எழுத முடியுமா? பள்ளி ஆசிரியையாக இருந்தால் சிவப்பில் வட்டம் போடுவார். இருக்கட்டும்.)

கறி வெந்து முடியப் பிற்பகல் ஆகிவிட்டது. பசியில் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். அப்பா அதை டிரை கிச்சனின் ராசி என்று எடுத்துக்கொண்டார்.

7

அதற்குப் பிறகு ஒரு பிற்பகல். மறுபடி மழை. அப்பா லாரியில், அண்ணன் வேலையில். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மேலே உள்ள ஆறாம் பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். பின்கதவு திறந்தது. நோட்டை அலமாரிக்குள் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன்.

அம்மா தலையெல்லாம் ஈரமாக உள்ளே வந்தார். ஒரு கையில் வாணலி. இன்னொரு கையில் காகிதத்தில் சுற்றிய பெலாச்சான் கட்டி. கேஸ் வால்வைத் தேடிக் குனிந்தார். அடுப்புக்குக் கீழே உள்ள கதவுக்குப் பதிலாகத் தொட்டிக்குக் கீழே உள்ள கதவைத் திறந்தார்.

என் நோட்டுகள் எல்லாம் அங்கே, வரிசையாக.

அம்மா பார்த்தார். ஒன்றை எடுத்தார். பிரிக்கவில்லை. ஈரக்கை பட்டுவிடும் என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். கதவைச் சாத்தினார். அது மெதுவாக மூடாத கதவு. சத்தம் கேட்டது.

பிறகு அடுத்த கதவைத் திறந்து வால்வைத் திருகினார். நிமிர்ந்து, அந்த வெள்ளைக்காரப் பெண்ணை ஓரத்தில் நகத்தால் நெம்பிப் பிரித்தார். பிரியப் பிரிய அவள் சிரிப்பு சுருண்டது. அடியில் கண்ணாடி கால்வாய்த் தண்ணீர் மாதிரிக் கறுப்பாக இருந்தது. அதன் மேல் வாணலி, வாணலிக்குள் பெலாச்சான். கை பட்டனுக்குப் போனது. நின்றது.

"இங்க சமைக்க ஆரம்பிச்சா அந்த அலமாரிக்குள்ள சட்டி பான வரும், பாப்பா. ஈரம் வரும். ஒன்னோடது அங்க இருக்க முடியாது." என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. பத்த வைக்கட்டுமா?"

8

இனி முடிவு வேண்டும். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவள் நான். படித்தவரை என் கட்டுரைகள் எல்லாவற்றிலும் முடிவுரைக்குத்தான் மதிப்பெண் போனது. ஆனாலும் முயன்றேன்.

முதல் முடிவு: நான் சரி என்கிறேன். வாடை தோட்டம் முழுக்கப் போகிறது. அப்பா லாரியை நிறுத்திவிட்டு வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுகிறார். எல்லோரும் நடுங்குகிறோம். அவர் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, "சோறு போடு" என்கிறார். (எல்லோருக்கும் பிடிக்கும். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா சோறு கேட்பார்தான். ஆனால் முதலில் கத்துவார். கத்துவதை விட்டுவிட்டால் அது அப்பா இல்லை.)

இன்னொன்று: நான் வேண்டாம் என்கிறேன். அம்மா தாளை மறுபடி ஒட்டப் பார்க்கிறார். ஒட்டவில்லை. பெலாச்சானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மழைக்குள் போகிறார். நோட்டுகள் காய்ந்து பத்திரமாக இருக்கின்றன, எழுதுவதற்கு எதுவும் இல்லாமல்.

இன்னும் ஒன்று: நான் ஒன்றும் பேசவில்லை. நான் எப்போதும் செய்வது இதைத்தான். பள்ளி நின்றதும் இப்படித்தான். இனிமேல் போகிறாயா என்று கேட்டார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை. வராததைப் பதிலாக எடுத்துக்கொண்டு புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள். கேட்டவர்கள் யாரும் அம்மா மாதிரி கையைப் பட்டன் மேலேயே வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி காத்திருக்கவில்லை.

அம்மா இன்னும் காத்திருக்கிறார். வாணலியில் கட்டி இருக்கிறது. மழை தகரத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. வளைவில் லாரிச் சத்தம் மாதிரி ஏதோ

9

நான் பதில் சொன்னேன். ஒரே ஒரு சொல். எங்கள் வீட்டில் அவ்வளவு சத்தமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை.

அதை இங்கே எழுதப் போவதில்லை. முடிவுரைக்கான மதிப்பெண்ணை இந்தத் தடவையும் நீங்கள் கழித்துக்கொள்ளலாம். ஆனால் உங்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். எங்கே இருந்து எடுத்தீர்களோ தெரியாது, இந்த நோட்டு இப்போது உங்கள் கையில் இருக்கிறது. இந்தப் பக்கத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாக முகர்ந்து பாருங்கள்.

இறால் வாடை வந்தால், மேலே சொல்ல ஒன்றுமில்லை. போய்ச் சாப்பிடுங்கள்.

வரவில்லை என்றால், எங்கள் வீட்டுப் பின்பக்கம் கொஞ்சம் வாருங்கள். மழை இன்னும் விடவில்லை. குடை கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. சட்டிக்குப் பிடிக்க வேண்டாம்.