சுவை வராத ஜூஸ்

மெர்வினின் நெஞ்சுக்குள் இதய அடைப்புக்காகச் சின்னதாக ஒரு குழாயை வைத்து வீட்டுக்கு அனுப்பிய டாக்டர், "இனி ஒரு சிகரெட்கூடக் கூடாது" என்பதை அவனிடம் சொல்லவில்லை. அவன் மனைவி ரோஸெல்லைப் பார்த்துச் சொன்னார். அவள்தான் அவனுக்கு மின்சிகரெட் வாங்கிக் கொடுத்தாள். தூக்கிப்போடும் வகை இல்லை. காட்ரிட்ஜ் என்கிற சின்னக் குப்பியில் ஜூஸை, அதாவது நிக்கோட்டின் கலந்த வாசனைத் திரவத்தை, ஊற்றி ஊற்றித் திரும்பப் பயன்படுத்துவது.

கார் இருக்கை செய்யும் ஆலையில் வேலை செய்து தடித்துப்போன விரல்கள் மெர்வினுக்கு. அந்தச் சின்ன ரப்பர் மூடியைத் திறக்கக்கூட அவனால் முடியாது. பொறுமையும் கிடையாது. பஞ்சு ஊறுவதற்குள் இழுத்து, கம்பிச்சுருளைக் கருக்கிவிட்டு, "கரி மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளிப்பான். அதனால் அந்த வேலை ரோஸெல்லிடம் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை காலைகளில் காட்ரிட்ஜைக் கழற்றி, மிச்சத்தைக் கொட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் குலுக்கிக் கழுவி, ஜன்னல் ஓரத்தில் துணிமேல் கவிழ்த்துவைப்பாள். காது குடையும் பஞ்சால் அடியில் ஒட்டியிருக்கும் பிசுக்கைத் துடைப்பாள். சுருளின் பஞ்சில் சில சொட்டு விட்டு, ஊறவைத்து, அப்புறம்தான் நிரப்புவாள். இப்படிச் செய்து ஒரே காட்ரிட்ஜ் மாதக்கணக்கில் ஓடியது. கெல்வண்டேலில் அவர்கள் தெருவில் வேறு யாருக்கும் அப்படி ஓடவில்லை.

ஜூஸ் தருவது மெர்வினின் தம்பி எல்ராய். தன் வீட்டு அடுப்படியில் அவனே கலப்பான். அண்ணனுக்குக் கொய்யா வாசனை. பாட்டில்களில் எதையும் எழுதி ஒட்டமாட்டான். கேட்டால், "என் புள்ளைங்கள எனக்கு அடையாளம் தெரியாதா அண்ணி?" என்று சிரிப்பான்.

அந்த வெள்ளிக்கிழமை ரோஸெல் வேலை முடிந்து வரும் வழியில் அவன் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். எல்ராய் ஒரு சாவு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கழுத்தில் டை பாதி கட்டியபடி உள்ளே ஓடி, பழுப்பு நிற பாட்டில் ஒன்றை எடுத்துவந்து கார் ஜன்னல் வழியாக நீட்டினான். பாட்டில் சில்லென்று இருந்தது. ஜூலை மாதம், அங்கே குளிர்காலம்; கடல் காற்று எலும்பைக் குடையும் நாட்கள். எல்லாமே சில்லென்றுதான் இருந்தது. அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் காட்ரிட்ஜை நிரப்பிக்கொண்டிருந்தபோது காற்று பின்கதவை ஓங்கி அடித்தது. கை அதிர்ந்து, ஜூஸ் அவள் விரல்களிலும் ஏப்ரனிலும் கொட்டியது. ஓட்டல் சலவை அறையில் வேலை செய்பவள் அவள். ப்ளீச்சில் வெடித்திருந்த விரல்கள் சுரீரென்றன. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பாத்திரம் துடைக்கும் துணியில் கையைத் துடைத்தாள். மின்சிகரெட்டைப் பின்முற்றத்தில் கார் கழுவிக்கொண்டிருந்த மெர்வினிடம் கொடுத்துவிட்டு வந்து, மாவை உருட்டி எண்ணெயில் போட்டாள். மூன்று வயது மகள் கேசியா முகமெல்லாம் ஜாமோடு வந்து நின்றாள். ரோஸெல் அதே துணியால் அவள் வாயைத் துடைத்துவிட்டாள்.

முற்றத்திலிருந்து மெர்வின் குரல் கொடுத்தான். "ரோஸ், இதுல கொய்யா எங்க? ஒரு ருசியும் தெரியல."

"இப்பதான் கழுவின சுருள். கொஞ்சம் இழுத்துப் பாரு, வந்துரும்."

"தொண்டைய அறுக்குது."

"அறுக்கட்டும். நீ என்ன கொழந்தையா?"

அவன் சிரித்தது கேட்டது. சுவை வருகிறதா என்று பார்க்க அவன் ஆழமாக இழுத்து இழுத்து விட்டதும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. நெற்றியில் வியர்வை ஓடியது. அந்தக் குளிரில்.

"நெஞ்சு வலிக்குதா?"

"தெரியல... ஒரு மாதிரி..." என்றவன் படியிலேயே குனிந்து வாந்தி எடுத்தான்.

ரோஸெல் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றே நினைத்தாள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்து செத்தவர்களை அவளுக்குத் தெரியும். அடுப்பை அணைத்தாள். கேசியாவைத் தூக்கிப் பின்சீட்டில் கட்டினாள். மெர்வினை முன்சீட்டில் தள்ளினாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

ஆஸ்பத்திரி இருக்கும் கோர்ஸ்டன் பக்கம் போகும் சாலை சனிக்கிழமைக் கூட்டத்தில் நெரிந்துகொண்டிருந்தது. மெர்வின் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். வாயோரம் எச்சில் வழிந்தது. நடுங்கும் கையால் சட்டைப்பையைத் தடவி மின்சிகரெட்டை எடுத்தான். மனம் பதறும்போதெல்லாம் அவன் செய்வதுதான். ஒரு இழுப்பு இழுத்தான். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவனுக்கு ஒரு தைரியம் கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த சிக்னலில் அவள் வாயிலும் எச்சில் ஊறியது. விழுங்க விழுங்க ஊறியது. ஸ்டீயரிங்மேல் விரல்கள் தாமாக ஆடின. பயத்தில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முன்னால் போன வண்டி ஒரு கணம் இரண்டாகத் தெரிந்து மறுபடி ஒன்றானது.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். எல்ராய்.

"அண்ணி, நேத்து குடுத்த பாட்டில இன்னும் தொறக்கலையே?"

"தொறந்தாச்சு. உங்கண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு எல்ராய், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கேன்."

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"எல்ராய்?"

"அண்ணி, அது ஜூஸ் இல்ல. அவசரத்துல ஃப்ரிட்ஜ் கதவுல இருந்தத எடுத்துட்டேன். கலக்கறதுக்கு வெச்சிருக்கற நிக்கோட்டின் அது. ஒரு பாட்டில் ஜூஸுக்குச் சில சொட்டு விடறது. அண்ணன இழுக்க விடாதீங்க. கையில படக்கூடாது அண்ணி, தோல் வழியாவே உள்ள போயிரும்."

அவள் மெர்வினின் கையிலிருந்ததைப் பிடுங்கிக் காலடியில் போட்டாள். தன் விரல்களைப் பார்த்தாள். ஏப்ரனில் காய்ந்தும் காயாமலும் இருந்த கறையைப் பார்த்தாள். அப்புறம் அந்தத் துணி நினைவுக்கு வந்தது. பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். கேசியாவின் தலை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கேசியா. செல்லம். அம்மாவப் பாரு."

குழந்தை பார்க்கவில்லை.

நடுச்சாலையில் காரை நிறுத்திவிட்டு இறங்கினாள். கால்கள் தரையில் சரியாகப் பாவவில்லை. பின்னால் வந்த மினிபஸ் டாக்சி ஹாரனை அழுத்திப் பிடித்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினான்.

"ஏம்மா, இது என்ன ஒங்க வீட்டுக் கூடமா? சோபாவும் கொண்டாந்து போடேன்."

அவள் பின்கதவைத் திறந்து குழந்தையை உலுக்கினாள். கேசியா கண்ணைத் திறந்தாள், அம்மாவை யாரோபோல் பார்த்தாள், பார்த்தபடியே வாந்தி எடுத்தாள். ரோஸெல் அவளைத் தூக்கப் போனாள். தன் கைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தொடவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. வாயிலிருந்து வந்தது வார்த்தையா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

டாக்சி ஓட்டுநர் இறங்கி வந்தான். இப்போது அவன் குரல் வேறாக இருந்தது. "என்ன ஆச்சு?"

"விஷம். எங்க மூணு பேர் மேலயும். என் கையத் தொட்டுராதீங்க."

டாக்சிக்குள்ளிருந்து பருத்த உடம்பும் தலையில் கட்டிய துணியுமாக ஒரு ஸோசா இனத்து அம்மாள், முட்டைக்கோஸ் பையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள். ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் வைத்திருந்தாள். "கைய நீட்டு" என்றாள். ரோஸெல் நீட்டினாள். தண்ணீர் ஐஸ்போல் விழுந்தது. "இந்தத் துணியக் கழட்டு." ஏப்ரனைக் கழற்ற ரோஸெல்லால் முடியவில்லை, முடிச்சு விரலுக்குப் பிடிபடவில்லை. அந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு நாடாவை அறுத்து, ஏப்ரனை அதே பைக்குள் சுருட்டிக் கட்டினாள். மிச்சத் தண்ணீரில் கேசியாவின் முகத்தையும் வாயையும் கழுவினாள். குளிரில் குழந்தை வீறிட்டு அழுதது.

"அழறா பாரு. அழுதா நல்லது. அழட்டும்" என்றாள் அந்த அம்மாள்.

"நீ ஓட்ட முடியாது, தள்ளு" என்று ஓட்டுநர் ரோஸெல்லைப் பின்சீட்டில் உட்காரவைத்தான். தன் வண்டியில் இருந்தவர்களிடம் ஏதோ கத்தினான். யாரோ திட்டினார்கள். அந்த அம்மாளும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். அவன் ரோஸெல்லின் காரை ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினான். ரோஸெல் முன்சீட்டில் தொங்கிய மெர்வினின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'கொஞ்சம் இழுத்துப் பாரு' என்று தான் சொன்னது காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் கழுவினேன், நான்தான் நிரப்பினேன், நான்தான் இழுக்கச் சொன்னேன். அவன் செத்தால் எந்தக் கையால் அவனுக்குச் சட்டை போட்டு அனுப்புவேன்?

ஆஸ்பத்திரியில் மூவரையும் மூன்று பக்கம் கொண்டுபோனார்கள். ரோஸெல்லின் உடைகளைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி, ஊசி ஏற்றிப் படுக்கவைத்தார்கள். அவளுக்குக் கூரை சுற்றியது. திரைக்கு அந்தப் பக்கம் இதயத் துடிப்பை எண்ணும் ஒரு கருவி மெதுவாகக் கூவிக்கொண்டிருந்தது. அது மெர்வினுடையது என்று நினைத்தாள். சத்தம் இழுபடும்போதெல்லாம் அவள் மூச்சும் நின்றது. குழந்தையின் அழுகை நடைபாதையில் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"ஏன் அழுகைய நிறுத்திட்டா? என் புள்ள ஏன் அழல?"

"தூங்கறாம்மா" என்றாள் நர்ஸ்.

"எழுப்புங்க."

"இப்பதான் தூங்கினா."

"எழுப்புங்க. நான் கேக்கணும்."

நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். போய், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து திரை ஓரத்தில் நின்றாள். தூக்கம் கலைந்த கோபத்தில் கேசியா சிணுங்கினாள். ரோஸெல்லுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

சாயந்திரத்துக்குள் குழந்தை தெளிந்துவிட்டாள். துணியில் இருந்தது கொஞ்சம்தான், அதுவும் முக்கால்வாசி வாந்தியில் போய்விட்டது என்றார் டாக்டர். மெர்வின்தான் கவலை. அவன் இதயம் ஏற்கெனவே அடிபட்டது. ஓடி ஓடிக் களைத்து இப்போது நின்று நின்று துடித்தது. "இன்னைக்கு ராத்திரி தாண்டட்டும்" என்றார்.

எல்ராய் வந்தான். உள்ளே வராமல் வார்டு வாசலிலேயே நின்றான். நேற்றைய சாவு வீட்டுச் சட்டையை இன்னும் மாற்றவில்லை.

"அண்ணி, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன். இனிமே தொடமாட்டேன்."

"எங்க போட்ட?"

"குப்பைத்தொட்டில. வாசல்ல வெச்சாச்சு."

ரோஸெல் எழுந்து உட்கார்ந்தாள். எல்ராயின் தெருவில் குப்பைத்தொட்டிகளைக் கிளறிப் பிழைக்கும் டாவிட் என்ற கிழவரை அவளுக்குத் தெரியும். பாட்டில் கிடைத்தால் மூடியைத் திறந்து முகர்ந்து, அடியில் இருப்பதை வாயில் கவிழ்த்துப் பார்ப்பவர்.

"அந்த டாவிட் மாமா எடுத்துக் குடிச்சா?"

எல்ராயின் முகம் வெளுத்தது. திரும்பி ஓடினான். அவன் செருப்புச் சத்தம் நடைபாதையில் தேய்ந்து மறையும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு, திரைக்கு அந்தப் பக்கத்துக் கூவலையும் போன் இன்னும் அடிக்காமல் இருப்பதையும் மாறி மாறிக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

போன் அடித்ததும் காதில் வைத்தாள்.

"இருக்கு அண்ணி. எல்லாம் இருக்கு. தொட்டிய அவர் பாதி கிளறியிருக்கார். பாட்டில் அடில இருந்ததுனால அவர் கைக்குச் சிக்கல..." அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "மருந்துக்கடைக்காரர்ட்ட குடுத்துட்டு வரேன். அவங்க எடுத்துக்கறாங்களாம்."

"கையக் கழுவு" என்றாள் ரோஸெல். "சோப்புப் போட்டுக் கழுவு."

மெர்வின் அந்த இரவைத் தாண்டினான். புதன்கிழமை வீட்டுக்கு வந்தான். வந்ததும் பின்முற்றத்துப் படியில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் விரல்கள் எதையோ தேடித் தொடையில் தாளம் போட்டன. சிகரெட்டுக்குத் திரும்பிவிடுவானோ என்று அவளுக்குப் பயம். அந்த மின்சிகரெட்டைத் தொடுவானோ என்றும் பயம். இரண்டில் எது பெரியது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"ஒரு வழி சொல்லு ரோஸ்" என்றான்.

"எனக்கு வழி தெரியாது மெர்வின். கடையில சீல் வெச்ச பாட்டில் வாங்கிக்க. நீயே நெரப்பிக்க. வீட்டுக்குள்ள கொண்டுவராத."

அவன் தலையாட்டினான். கோபித்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, தோட்டக் குழாயடியில் குந்தி, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்தச் சின்ன மூடியோடு மல்லுக்கட்டினான். ரோஸெல் கதவைச் சாத்திக்கொண்டு, கேசியாவை இடுப்பில் வைத்தபடி, கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முதல் இழுப்பு இழுத்தான். புகை காற்றில் கலைந்தது. அவன் முகம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள். குழந்தை இறக்கிவிடச் சொல்லி உதைத்தபோதும் நின்றாள்.