சமயபுரம் போய் வரும்வரை

ரெங்கநாதனுக்குப் பொறுக்காத விஷயங்கள் பல. பஸ்ஸில் போனைச் சத்தமாக வைத்துக் கேட்பவர்கள், அடுத்தவர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தரிக்காய் பேரம் பேசப் போகிறவர்கள், ஏடிஎம்முக்குள் ஆள் இருக்கும்போதே கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பவர்கள், வரிசையில் பின்னால் நின்று கழுத்தில் மூச்சு விடுகிறவர்கள். ரயில்வே ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவர்களையெல்லாம் திருத்த அவருக்கு நாள் முழுக்க நேரம் கிடைத்தது. திருத்தினார். அவர் மனைவி உமாமகேஸ்வரி பின்னாலேயே போய், தோளைத் தொட்டு, "விடுங்க" என்பாள். ஸ்ரீரங்கத்தில் அவர்கள் குடியிருந்த தெருவில் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். அவளுக்குப் பொறுமைசாலி என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்தே இருந்தது.

போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு திரும்பும்போது விஷயம் முற்றிவிட்டது. போனில் சத்தமாகக் காமெடி பார்த்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு, பொது இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ரெங்கநாதன் விளக்க ஆரம்பித்தார். விளக்கம் போனைவிடச் சத்தமாக இருந்தது. அவன் போனை அணைத்த பிறகும் விளக்கம் நிற்கவில்லை. மாம்பழச்சாலையில் கண்டக்டர் விசிலடித்து பஸ்ஸை நிறுத்தினார்.

"சார், நீங்க இறங்கிப் பொறுமையா பேசி முடிச்சிட்டு அடுத்த வண்டியில வாங்க."

பஸ்ஸில் ஒருவர்கூட அவருக்காகப் பரிந்து பேசவில்லை. பேசியிருக்க வேண்டிய உமாமகேஸ்வரி, காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே இறங்கினாள். அம்மா மண்டபம் ரோட்டில் உச்சி வெயிலில் இருவரும் நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்ததும் அவள் சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை சமயபுரம் போறோம். வாசலை விட்டு இறங்கினதுலேருந்து திரும்பி வந்து பூட்டைத் திறக்கிற வரைக்கும் நீங்க யாரையும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அம்மன் மேல சத்தியம் பண்ணுங்க."

"தப்பு பண்றவங்களைக்கூடவா?"

"அவங்களைத்தான் சொல்றேன்."

ரெங்கநாதன் சத்தியம் செய்தார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை செருப்பை மாட்டியதும் வாயை மூடினார், மூடியது மூடியதுதான். "மழை வர்ற மாதிரி இருக்கே, குடை எடுத்துக்கவா?" என்று அவள் கேட்டதற்கு வானத்தைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். பஸ்ஸில் கண்டக்டரிடம் சாமி கும்பிடுவது போலக் கையைக் குவித்துக் காட்டிவிட்டு இரண்டு விரலை நீட்டினார். வீம்பு என்று அவளுக்குப் புரிந்தது. இருந்தாலும் அந்த வீம்பு அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

திருவானைக்காவலில் பஸ் மாறினார்கள். உமாமகேஸ்வரி பெண்கள் சீட்டில் ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார, அவர் பின் சீட்டில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தாள். பேச்சு கோயில் குரங்குகள் பக்கம் திரும்பியது. உமாமகேஸ்வரி, முக்கொம்பில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"குடும்பத்தோட பிக்னிக் போயிருந்தோங்க. என் நாத்தனார் ஒரு தூக்கு நிறைய புளியோதரை கிண்டிக் கொண்டாந்திருந்தா..."

இந்த இடத்தில் வழக்கமாக ரெங்கநாதன் குறுக்கே வருவார். அது புளியோதரை இல்லை, எலுமிச்சம் சாதம் என்பார். அதோடு நிற்காமல் கதையின் முடிவையும் அவரே சொல்லிவிடுவார். உமாமகேஸ்வரி தன்னையறியாமல் ஒரு நொடி நிறுத்தினாள். பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது.

"குரங்கு வந்து தூக்கைத் தூக்கிட்டுப் போய் மரத்து மேல உக்காந்துக்கிச்சு. நாங்கல்லாம் அண்ணாந்து பாக்கறோம். மூடியைத் திறந்துச்சு. மோந்து பாத்துச்சு. திரும்ப மூடி, நாத்தனார் முன்னாடியே கொண்டாந்து வச்சிட்டுப் போயிடுச்சு."

அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முன் சீட்டுக்காரியும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ வருஷமாக இந்தக் கதையைச் சொல்கிறோம், இன்றுதான் முதல் தடவையாக அதன் கடைசி வரை போய்ச் சேர்ந்திருக்கிறோம் என்று உமாமகேஸ்வரிக்கு உறைத்தது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியில், இன்னதென்று சொல்ல முடியாத ஒரு எரிச்சலும் இருந்தது.

கோயிலில் நல்ல கூட்டம். தர்ம தரிசன வரிசை கம்பித் தடுப்புகளுக்குள் வளைந்து வளைந்து போனது. முதலில் ஒருவர், "எங்க ஆளு முன்னாடி நிக்கிறாங்க" என்று சொல்லி அவர்களைத் தாண்டிப் போனார். அப்புறம் ஒரு கல்லூரிக் கூட்டம் எதுவுமே சொல்லாமல் தாண்டிப் போனது. ஒருவர் மொட்டைத் தலையில் பூசியிருந்த சந்தனத்தை அவள் முந்தானையில் தேய்த்துக்கொண்டு போனார். உமாமகேஸ்வரி ஒவ்வொரு தடவையும் புருஷனைப் பார்த்தாள். அவர் சுவரில் எழுதியிருந்த நன்கொடையாளர் பெயர்களை அமைதியாக வாசித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

இந்நேரம் அவர் கத்தியிருப்பார். அவள் தோளைத் தொட்டு "விடுங்க" என்றிருப்பாள். சுற்றியிருப்பவர்கள் அவளைப் பரிதாபமாகப் பார்த்திருப்பார்கள், அவளுக்கும் மனம் ஆறியிருக்கும். இன்றைக்கு "விடுங்க" என்று சொல்ல ஆளில்லை. கோபம் போக இடமில்லாமல் அவளிடமே தங்கியது.

அப்போதுதான், மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்திருந்த வள்ளிக்கண்ணு என்கிற பெண், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு கூடையுமாக இடித்துக்கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்கக்கா. எங்க வீட்டுக்காரரு முன்னால நிக்கிறாரு."

"நிக்கட்டும்" என்றாள் உமாமகேஸ்வரி.

"என்னக்கா?"

"நிக்கட்டும்னேன். உங்க வீட்டுக்காரர் முன்னாடி நின்னா, கூப்பிட்டுப் பின்னாடி வரச் சொல்லு. இங்க நிக்கிறவங்கல்லாம் வேலை வெட்டி இல்லாம கம்பியைப் பிடிச்சிட்டு நிக்கிறோமா? காலைலேருந்து பாக்கறேன், ஒருத்தருக்காவது முறைன்னு ஒண்ணு இருக்கா? வர்றவங்கல்லாம் எங்க ஆளு எங்க ஆளுங்கறாங்க. எங்களுக்கு ஆளே இல்லையா?"

தன் குரல் இவ்வளவு உயரும் என்று அவளுக்கே தெரியாது. மேலும் மேலும் வந்தது. கல்லூரிப் பசங்களுக்கும் சந்தனக்காரருக்கும் சேர வேண்டியதெல்லாம் வள்ளிக்கண்ணுவின் தலையில் இறங்கியது. அவள் குழந்தையை மாற்றி இடுக்கியபடி எல்லாவற்றையும் கேட்டாள். ரெங்கநாதன் மெல்ல மனைவியின் தோளைத் தொட்டார்.

"நீங்க சும்மா இருங்க" என்று அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். அவர் சும்மாத்தான் இருந்தார்.

"நீங்களும் அப்படித்தான். நான் வாயைத் திறந்தா முடிக்க விட்டதுண்டா? நான் சொல்ற கதைக்கு நீங்க முடிவு சொல்றது மட்டும் என்ன மரியாதை? அது புளியோதரைதாங்க. கிண்டின கையை நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

பின்னால் நின்ற ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க பேசுறதெல்லாம் நியாயந்தான். ஆனா லைன் நகந்து ரொம்ப நேரமாச்சு."

பார்த்தால், அவளுக்கு முன்னால் ஒரு லாரி நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அதற்குள் பக்கத்துத் தடுப்பிலிருந்து ஆட்கள் குனிந்து நுழைந்துகொண்டிருந்தார்கள். வள்ளிக்கண்ணுவைக் காணோம்.

அம்மன் முன்னால் நின்றபோது உமாமகேஸ்வரிக்கு வேண்டிக்கொள்ள நினைத்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. காது மட்டும் சூடாக இருந்தது. அதற்குள் "நகருங்க, நகருங்க" என்றார்கள். நகர்ந்தாள்.

வெளியே செருப்பு விடுமிடத்தில் வள்ளிக்கண்ணு குழந்தையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில் போய்விடலாமா என்று உமாமகேஸ்வரி யோசிப்பதற்குள் அவளே எழுந்து வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எங்க வீட்டுக்காரரு எங்க போனாலும் எங்களை விட்டுட்டு முன்னால போயிருவாரு. நாங்கதான் இடிச்சுப் பிடிச்சுத் தேடிக்கிட்டுப் போகணும். இப்பவும் பாருங்க, எங்க போனாருன்னே தெரியல." கூடையிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "எங்க ஊரு முறுக்கு. வாங்கிக்கங்க."

"நானும் ரொம்பப் பேசிட்டேம்மா" என்றாள் உமாமகேஸ்வரி. முறுக்கை வாங்கிக்கொண்டு குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள்.

வள்ளிக்கண்ணு ரெங்கநாதனை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க மேல என்னக்கா தப்பு. அய்யாவை நானும் அப்பலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க அவ்வளவு சொல்றீங்க, ஒரு வார்த்தை வரலையே. பேச்சு நின்னுபோனவரைக் கூட்டிக்கிட்டு இந்தக் கூட்டத்துல அலைஞ்சா யாருக்குத்தான் கோவம் வராது?"

உமாமகேஸ்வரி புருஷனைப் பார்த்தாள். அவர் முகம் சிவந்து வாய் பாதி திறந்தது. சத்தியம் நினைவுக்கு வந்து மறுபடி மூடிக்கொண்டது.

"அதுக்காகத்தாம்மா வேண்டிக்கிட்டு வந்தோம்" என்றாள்.

"சமயபுரத்தா கைவிட மாட்டா. சீக்கிரமே பேச்சு வந்துரும் பாருங்க."

"மெதுவா வரட்டும்மா" என்று உமாமகேஸ்வரி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, பெரிதாக ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள். "அவசரம் ஒண்ணும் இல்ல."